சிகரத்தில் ஓர் ஆண்டு, சரிவில் 18 ஆண்டுகள்: ஹேக் வில்சன் கதை

1948-ம் ஆண்டு நவம்பர் 23-ந்தேதி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 48 வயது மனிதர் ஒருவர் இறந்துபோனார். நகரசபை நீச்சல்குளம் ஒன்றைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர் அவர். கையில் காசு இல்லை. பக்கத்தில் உறவு இல்லை.

பிணத்தை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. ஒரு நாள் ஆயிற்று. இரண்டு நாள் ஆயிற்று. மூன்று நாளும் ஆயிற்று. பெற்ற மகனே வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். கடைசியில் பேஸ்பால் சங்கத்தின் தலைவர் 350 டாலர் தந்தி மணியார்டர் அனுப்பினார். பிணத்துக்கு உடுத்த ஒரு சாம்பல் நிற சூட்டை, அடக்கம் செய்யும் கடைக்காரரே இனாமாகக் கொடுத்தார்.

அந்த மனிதரின் பெயர் ஹேக் வில்சன். 18 ஆண்டுகளுக்கு முன்பு, 1930-ல், அவர் சிகாகோ மைதானத்தில் மட்டையோடு இறங்கினால் ஜனங்கள் இருக்கையை விட்டு எழுந்து நிற்பார்கள். அந்த ஆண்டில் அவர் செய்த சாதனை ஒன்றை இன்று வரை எவராலும் முறியடிக்க முடியவில்லை.

அவ்வளவு உயரத்தில் இருந்தவர் எப்படி இவ்வளவு கீழே விழுந்தார்?

சம்மட்டி அடித்த சிறுவன்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எல்வுட் சிட்டி என்று ஓர் ஊர். இரும்பாலைகள் நிறைந்த தொழிலாளர் ஊர். 1900-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந்தேதி அங்கே பிறந்தார் வில்சன். பெற்றோர் வைத்த பெயர் லூயிஸ் ராபர்ட் வில்சன். தகப்பனார் இரும்பாலைத் தொழிலாளி. பிள்ளை பிறந்தபோது தாயாருக்கு வயது 16. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. இருவருமே மொடாக்குடியர்கள்.

வில்சனுக்கு 7 வயதாக இருக்கும்போது தாயார் குடல்வால் நோயால் இறந்துபோனார். சரியாகக் கவனிக்க ஆளில்லாத பிள்ளையாக வளர்ந்தார் வில்சன். 1916-ல் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ரெயில் என்ஜின் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை, சம்மட்டி அடிப்பது. வாரத்துக்கு 4 டாலர் கூலி.

அந்தச் சம்மட்டிதான் அவருடைய கையையும் தோளையும் இரும்பாக்கியது. ஆனால் உடம்பைப் பார்த்தால் விளையாட்டு வீரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உயரம் 5 அடி 6 அங்குலம்தான். எடையோ 85 கிலோவுக்கு மேல். கழுத்துச் சுற்றளவு 18 அங்குலம். பெரிய தலை. அகலமான, தட்டையான முகம். குட்டையான கால்கள். பாதமோ சின்னப் பையனுடைய பாதம் போல இருக்கும்.

தாய் கர்ப்பமாக இருக்கும்போது குடித்தால் பிறக்கும் குழந்தையின் தலை, முகம், கை கால் வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்று வைத்தியர்கள் பிற்காலத்தில் கண்டறிந்தார்கள். வில்சனின் தோற்றத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. அப்படியானால் அவரைக் கவிழ்த்த மது, அவர் பிறப்பதற்கு முன்பே அவரைத் தொட்டுவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

உடைந்த கால் காட்டிய வழி

பேஸ்பால் நம்முடைய கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. ஒருவர் பந்து வீசுவார். இன்னொருவர் உருளை மட்டையால் அடிப்பார். அடித்தவர் மூன்று நிலைகளைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பினால் ஓர் ஓட்டம். பந்து வேலியைத் தாண்டி விழுந்தால் ஹோம் ரன். அப்போது அவர் மட்டுமல்ல, ஏற்கனவே நிலைகளில் நிற்கும் சகாக்களும் ஓடி வந்து சேரலாம். இப்படி ஒருவர் தன் அடியால் அணிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஓட்டங்களைத் தனியாகக் கணக்கு வைப்பார்கள். அணிக்கு ஒருவர் எவ்வளவு பயன்பட்டார் என்பதற்கு அந்தக் காலத்தில் அதுதான் பெரிய அளவுகோல்.

வில்சன் 1921-ல் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள மார்ட்டின்ஸ்பர்க் என்ற சிறிய ஊரின் அணியில் சேர்ந்தார். வீசப்படும் பந்தைப் பிடிக்க மட்டையாளருக்குப் பின்னால் குந்தி உட்காரும் வேலை அவருக்கு. முதல் ஆட்டத்திலேயே சறுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. குணமாகி வந்தபோது இனிக் குந்தி உட்காருவது சரிப்படாது என்று அவரை மைதானத்தின் வெளிப்புறத்தில் நிற்க வைத்தார்கள். அதுவே அவருடைய நிரந்தர இடமாயிற்று.

அதே ஊரில் அலுவலக வேலை பார்த்த ஒரு பெண்ணை 1923-ல் மணந்தார். அவரைவிட 12 வயது மூத்தவர் அந்தப் பெண். இரண்டு வருடத்தில் ஒரு மகன் பிறந்தான்.

1923-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற பெரிய அணி 10,500 டாலர் கொடுத்து அவரை வாங்கியது. வாரம் 4 டாலருக்குச் சம்மட்டி அடித்தவர் ஏழே ஆண்டுகளில் நாட்டின் முதல் தர அணிக்கு வந்துவிட்டார். ஆனால் 1925-ல் ஆட்டம் மந்தமாயிற்று. அவரைக் கீழ்நிலை அணி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டுக் கடைசியில், தக்க வைத்துக்கொள்ள வேண்டிய ஆட்டக்காரர்களின் பட்டியலில் அவர் பெயர் விடுபட்டுப் போயிற்று. ஜயன்ட்ஸ் அலுவலகத்தில் நடந்த கவனப்பிசகு என்று அதைச் சொல்வார்கள். சிகாகோ கப்ஸ் அணி உடனே 5 ஆயிரம் டாலருக்கு அவரைத் தட்டிக்கொண்டு போயிற்று.

காகிதத்தில் விடுபட்ட ஒரு பெயர் ஒரு மனிதரின் தலையெழுத்தையே மாற்றியது.

சிகாகோவின் செல்லப்பிள்ளை

சிகாகோவில் வில்சனுக்கு அமைந்த பயிற்சித் தலைவர் ஜோ மெக்கார்த்தி. ஆளை அறிந்து நடத்தத் தெரிந்தவர். வில்சனுக்கு அதட்டல் ஆகாது, அன்பு வேண்டும் என்று புரிந்துகொண்டார். இரவில் குடித்தாலும் மறுநாள் ஆடுகிறாரா என்று மட்டும் பார்த்தார்.

வில்சன் ஆடினார். 1926-ல் 21 ஹோம் ரன், 1927-ல் 30, 1928-ல் 31. மூன்று ஆண்டுகளும் நேஷனல் லீக் என்ற பெரும் பிரிவில் ஹோம் ரன் கணக்கில் முன்னால் நின்றவர்களில் அவர் இருந்தார். 1929-ல் 39 ஹோம் ரன் அடித்தார். தன் அடியால் 159 ஓட்டங்களைக் கொண்டுவந்து சேர்த்தார். கப்ஸ் அணி அந்த ஆண்டு நேஷனல் லீக் வெற்றியாளர் ஆயிற்று.

குட்டை மனிதர் மட்டையைச் சுழற்றும் அழகைக் காண ஆலைத் தொழிலாளிகளும் குமாஸ்தாக்களும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தங்களில் ஒருவர் அங்கே நிற்பதாக அவர்கள் நினைத்தார்கள். அந்த ஒரே பருவத்தில் கப்ஸ் மைதானத்துக்கு வந்தவர்கள் 14 லட்சத்துக்கும் மேல்.

அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு. 1920 முதல் 1933 வரை சட்டம் அமலில் இருந்தது. ஆனால் சிகாகோவில் சந்துக்குச் சந்து கள்ளச் சாராயக் கடை. வில்சன் போகாத கடை இல்லை. 1926-ல் ஒரு நாள் மைதானத்தில் நீண்ட ஹோம் ரன் ஒன்றை அடித்தார். அன்று இரவே ஒரு கள்ளக் கடையில் போலீஸ் சோதனை. பின்பக்க ஜன்னல் வழியாகத் தப்ப முயன்றபோது பிடிபட்டார். அபராதம் 1 டாலர். ஊரே சிரித்துவிட்டு மறந்தது.

கோபமும் அவருக்கு அதிகம். 1928-ல் கேலி பேசிய ரசிகர் ஒருவரை அடிக்க, ஆட்டத்தின் நடுவிலேயே பார்வையாளர் வரிசைக்குள் தாவினார். மைதானமே கலவரமாயிற்று. 100 டாலர் அபராதம் போட்டார்கள்.

மெக்கார்த்தியைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வில்சனைத் திருத்த நினைத்த அவர், ஒரு தம்ளரில் தண்ணீரும் இன்னொன்றில் விஸ்கியும் வைத்தாராம். ஒரு புழுவைத் தண்ணீரில் போட்டார். அது நெளிந்துகொண்டே இருந்தது. எடுத்து விஸ்கியில் போட்டார். துடித்துச் செத்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டாராம். விஸ்கி குடித்தால் வயிற்றில் புழு இருக்காது என்று தெரிகிறது என்றாராம் வில்சன். நடந்ததோ கட்டிவிட்டதோ, ஊர் அவரை எப்படிப் பார்த்தது என்பதற்கு இந்தக் கதையே போதும். அவருடைய குடி எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது.

சூரியன் கண்ணைக் கூசியது

1929 அக்டோபரில் நாட்டின் இறுதிப் போட்டி. கப்ஸும் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸும் மோதின. 12-ந்தேதி நான்காவது ஆட்டம். ஏழாவது சுற்று வரை கப்ஸ் 8 ஓட்டம், எதிரணி பூஜ்யம். வெற்றி கைக்கு வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போதுதான் விதி விளையாடியது. உயரத்தில் வந்த ஒரு பந்து, கண்ணை நேராகத் தாக்கிய வெயிலில் வில்சனுக்குத் தெரியாமல் போயிற்று. சற்று நேரத்தில் இன்னொரு பந்து. அதையும் சூரிய ஒளியில் தவறவிட்டார். அது உருண்டு ஓடுவதற்குள் எதிரணியில் மூன்று பேர் ஓடி வந்து சேர்ந்தார்கள். அந்த ஒரே சுற்றில் எதிரணிக்கு 10 ஓட்டங்கள். ஆட்டமும் போயிற்று, பிறகு கோப்பையும் போயிற்று.

அந்தப் போட்டித் தொடரில் மட்டையால் வெளுத்து வாங்கியவர்களில் வில்சனும் ஒருவர். 17 தடவை ஆடி 8 தடவை வெற்றிகரமாக அடித்தார். அதை யார் நினைத்தார்கள்? தவறவிட்ட பந்துகள்தான் பேச்சாயிற்று. பத்திரிகைகள் கேலி செய்தன. மாதம் முடிவதற்குள் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. நாடு வேலையில்லாத் திண்டாட்டத்தில் விழுந்தது.

191

வில்சன் அந்தக் கேலிக்கு மட்டையால் பதில் சொன்னார்.

1930-ம் ஆண்டு. இங்கிலாந்து மண்ணில் பிராட்மன் ஒரே டெஸ்ட் தொடரில் 974 ரன் குவித்த அதே ஆண்டு. அமெரிக்காவில் வில்சன் 56 ஹோம் ரன் அடித்தார். நேஷனல் லீக்கில் அந்தச் சாதனை 68 ஆண்டுகள், 1998 வரை, நிலைத்து நின்றது. ஆயிரத்துக்கு 356 என்ற விகிதத்தில் அவருடைய அடிகள் பலித்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் அடியால் அவர் அணிக்குக் கொண்டுவந்து சேர்த்த ஓட்டங்கள் 191. அதற்குப் பின் எத்தனையோ வீரர்கள் வந்தார்கள். 191-ஐ எட்டியவர் எவரும் இல்லை.

அந்த ஆண்டில் மட்டையாளர்களுக்கு இன்னொரு சாதகமும் இருந்தது. நேஷனல் லீக்கில் பயன்பட்ட பந்து நன்றாகத் துள்ளிப் பறந்தது. லீக்கின் எல்லா மட்டையாளர்களின் சராசரியுமே ஆயிரத்துக்கு 300-ஐத் தாண்டியது. ஆனால் அதே பந்தை எல்லோரும்தான் அடித்தார்கள். 191 எடுத்தது வில்சன் ஒருவரே.

அடுத்த ஆண்டுக்கு 33 ஆயிரம் டாலர் சம்பளம் என்று ஒப்பந்தம் ஆயிற்று. ரொட்டிக்காக ஜனங்கள் தெருவில் வரிசையில் நின்ற காலத்தில் அது பெரும் தொகை. வில்சனுக்கு வயது 30. இனி இறங்குமுகம் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை.

ஒரே ஆண்டில் சரிவு

1930 பருவம் முடியும் தறுவாயில் மெக்கார்த்தி பதவி இழந்தார். அணியின் சொந்தக்காரர், சூயிங்கம் அதிபர் ரிக்லி, 1929 தோல்வியை மறக்கவில்லை. புதிய தலைவராக ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி வந்தார். பெரிய ஆட்டக்காரர். குடிப்பதில்லை. புகைப்பதில்லை. கண் கெட்டுவிடும் என்று சினிமாகூடப் பார்ப்பதில்லை. தன்னைப் போலவே மற்றவர்களும் இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தார். எந்தப் பந்தை அடிக்கவேண்டும், எதை விடவேண்டும் என்று வில்சனுக்குக் கட்டளை போட்டார்.

குளிர்கால விடுமுறையை வில்சன் குடியிலேயே கழித்திருந்தார். பயிற்சிக்கு வந்தபோது உடம்பு பெருத்துப் போயிருந்தது. அத்தோடு, ஓட்டங்கள் அளவுக்கு மீறிப் போய்விட்டன என்று லீக் நிர்வாகம் பந்தையும் மாற்றிவிட்டது. மேல்தோல் தடித்தது. தையல் உயர்ந்தது. பந்து முன்போல் பறக்கவில்லை.

1931-ல் வில்சனின் ஹோம் ரன் 13. சேர்த்த ஓட்டங்கள் 61. போன ஆண்டு 56-ம் 191-ம்! கைதட்டிய அதே ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். கூச்சல் கேட்கக் கேட்க அவர் இன்னும் குடித்தார். குடிக்கக் குடிக்க ஆட்டம் இன்னும் கெட்டது.

செப்டம்பரில் சின்சினாட்டி நகரில் அணி ரெயில் ஏறும் நேரத்தில் பத்திரிகை நிருபர்களுடன் தகராறு. கை நீட்டியவர் வில்சனின் குடித்தோழரும் பந்து வீச்சாளருமான பாட் மலோன். வில்சன் கூடவே நின்றார். மீதிப் பருவம் முழுவதும் சம்பளம் இல்லாமல் வில்சனை நீக்கி வைத்தார்கள்.

மலோன் 1943-ல், 40 வயதில் இறந்துபோனார்.

அணி விட்டு அணி

டிசம்பரில் கப்ஸ் அவரை செயின்ட் லூயிஸ் அணிக்குத் தள்ளிவிட்டது. அவர்கள் 7,500 டாலர்தான் தருவோம் என்றார்கள். 33 ஆயிரம் வாங்கியவர் ஒப்பவில்லை. ஒரே மாதத்தில் அவர்கள் புரூக்ளின் அணிக்குக் கைமாற்றி விட்டார்கள். அங்கே 1932-ல் 23 ஹோம் ரன், 123 ஓட்டம். விளக்கு அணைவதற்கு முன் ஒருமுறை பிரகாசித்தது. 1933-ல் ஹோம் ரன் 9 ஆகக் குறைந்தது. 1934 ஆகஸ்டில் புரூக்ளின் அணியும் விடை கொடுத்தது. பிலடெல்பியா அணி ஒன்று எடுத்துக்கொண்டது. ஒரு மாதத்தில் அதுவும் முடிந்தது. 1935-ல் சிறிய அணி ஒன்றில் ஆடிப் பார்த்துவிட்டு மட்டையைக் கீழே வைத்தார். வயது 35.

மார்ட்டின்ஸ்பர்க் ஊருக்குத் திரும்பி பில்லியர்ட்ஸ் கூடம் ஒன்றை நடத்தினார். கூட்டாளியுடன் சண்டை. கூடம் மூடப்பட்டது. 1938-ல் மனைவி விவாகரத்து பெற்றார். மகனும் தகப்பன் முகத்தில் விழிக்க விரும்பவில்லை. பிறகு மதுக்கடையில் ஊற்றிக் கொடுக்கும் வேலை. ஒரு காலத்தில் தன் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்த ஊர்களில் ஓசிக் குடிக்காகப் பாட்டுப் பாடினார் என்பார்கள். அந்த வேலையும் நிலைக்கவில்லை.

சம்பாதித்த பணம் எங்கே? வந்த கையோடு போயிற்று. கூட இருந்தவர்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தார். பணம் இருந்தவரை மேஜையைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். தீர்ந்ததும் மேஜையில் அவர் ஒருவர்தான்.

பேஸ்பாலில் சிறிய வேலையாவது கிடைக்குமா என்று தேடினார். கிடைக்கவில்லை. பால்டிமோரில் விமானத் தொழிற்சாலையில் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை பார்த்தார். பிறகு நகரசபைக் கூலியாளானார். பூங்காவில் உழைக்கும் அந்தக் குட்டை மனிதர் யார் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்தபோது, இரக்கப்பட்டு நீச்சல்குளத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

கடைசி எச்சரிக்கை

1948 அக்டோபரில் வீட்டில் தவறி விழுந்தார். சாதாரண அடி என்று நினைத்தது நிமோனியாவில் கொண்டுபோய் விட்டது. சாவதற்குச் சில நாட்களுக்கு முன்பு வானொலியில் பேசினார். தன்னைப்போல இளைஞர்கள் வாழ்க்கையைப் பாழாக்கிக்கொள்ளக் கூடாது, திறமை மட்டும் போதாது, நல்ல புத்தியும் நல்லவர் சொல் கேட்கும் குணமும் வேண்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். அந்தப் பேச்சைச் சட்டம் போட்டு கப்ஸ் வீரர்கள் உடை மாற்றும் அறையில் பிற்பாடு மாட்டி வைத்தார்கள்.

மூன்று மாதம் முன்புதான், ஆகஸ்டில், பேஸ்பால் மன்னர் பேப் ரூத் இறந்திருந்தார். அவர் உடலைப் பார்க்க நியூயார்க் மைதானத்தில் பல்லாயிரம் பேர் வரிசையில் நின்றார்கள். வில்சனுக்கோ, சவப்பெட்டிக்குப் பணம் தந்தியில் வரவேண்டியிருந்தது.

ஆனால் ஒருவர் மறக்கவில்லை. மறு ஆண்டு மெக்கார்த்தி முன்நின்று பழைய கப்ஸ் வீரர்களை மார்ட்டின்ஸ்பர்க்குக்கு அழைத்து வந்தார். இரண்டாவது முறையாக அஞ்சலி நடந்தது. கருங்கல் நினைவுச்சின்னம் ஒன்றைக் கல்லறையில் நிறுத்தினார்கள். 1979-ல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் வில்சனின் பெயர் சேர்க்கப்பட்டது.

குடியை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடலாம். பந்து மாறியது உண்மை. தலைவர் மாறியதும் உண்மை. ஆனால் அதே பந்தோடும் புதிய தலைவரோடும் மற்றவர்கள் சமாளித்தார்கள். சமாளிக்க வேண்டிய நேரத்தில் வில்சனிடம் உடம்பில் பலம் மிச்சமில்லை, கையில் பணம் மிச்சமில்லை, வீட்டில் மனிதர் மிச்சமில்லை. நல்ல காலத்தில் அவர் குடியைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். கையைப் பிடித்து நிறுத்தியவர் எவரும் இல்லை.

ஒரு விஷயம் பாக்கி. வில்சன் உயிரோடு இருந்தவரை அவருடைய சாதனை 190 என்றுதான் பதிவேடுகளில் இருந்தது. 1930 ஜூலையில் அவர் கணக்கில் வரவேண்டிய ஓர் ஓட்டத்தை யாரோ தவறாக வேறொரு வீரர் பெயரில் எழுதிவிட்டார்கள். பழைய ஏடுகளைப் புரட்டி வரிக்கு வரி சரிபார்த்தவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். 1999-ல், அவர் இறந்து 51 ஆண்டுகள் கழித்து, 190 என்பது 191 ஆகத் திருத்தப்பட்டது.

பட்டியலில் விடுபட்ட ஒரு பெயர் அவரைச் சிகாகோவுக்குக் கொண்டுவந்தது. ஏட்டில் விடுபட்ட ஓர் ஓட்டம் அரை நூற்றாண்டுக்குப் பின் அவரிடமே வந்து சேர்ந்தது. ஏட்டில் விழுந்த பிழையைத் திருத்த முடிந்தது. 1930-க்குப் பிறகு வந்த 18 ஆண்டுகளைத்தான் திருத்த முடியவில்லை.